வரலாற்றாசிரியரின் ஓவியத்தை எப்படி ரசிப்பது?

வாழ்நாளெல்லாம் ஆவணங்களைச் சான்றாகக் கொண்டு எழுதிய ஒருவர் முதுமையில் ஓவியராகும்போது, அவரது படைப்பில் முதலில் தேட வேண்டியது கைத்திறனை அன்று. சான்றுக்குக் கட்டுப்பட்டிருந்த மனம் எந்த இடத்தில் அக்கட்டிலிருந்து விடுபடுகிறது என்பதையே. அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியரான நெல் இர்வின் பெயின்டரின் ஓவியங்கள் இதற்குச் சிறந்த பயிற்சிக்களம். 1942இல் பிறந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், 64ஆம் வயதில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் இளநிலை மாணவியாகச் சேர்ந்து 2009இல் பட்டம் பெற்றார். 2011இல் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 'வெள்ளையரின் வரலாறு' என்னும் அவரது பெருநூல் வெளிவந்ததும் இக்காலத்தில்தான், 2010இல்.

அவரது 'ஒடாலிஸ்க் அட்லஸ்' ஓவியத்தொடர் அந்நூலின் மண்ணிலிருந்து முளைத்தது. ஒடாலிஸ்க் என்பவள் ஒட்டோமான் அந்தப்புரத்து அடிமைப்பெண். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் அவளைச் சாய்ந்து கிடக்கும் பேரழகியாகவே திரும்பத் திரும்பத் தீட்டியதால், அவள் விலைக்கு விற்கப்பட்டவள் என்பது பார்ப்போர் நினைவிலிருந்து நழுவிப்போயிற்று. பெயின்டர் அழகையும் அடிமை வணிகத்தின் புவியியலையும் ஒருசேர நிறுத்துவதால், உருவத்தின் எழிலில் கண் தங்கிவிடாமல், இவள் எக்கரையிலிருந்து எக்கரைக்குக் கொண்டுபோகப்பட்டாள் என்று கேட்டபடி பார்ப்பதே முறை.

அக்கேள்வி நாகப்பட்டினத்து வாசகருக்கு அயலானதன்று. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பீஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சைச் சீமை சீரழிந்து கிடந்த 1659–1661 காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் படாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். காவிரி பாயும் நாட்டில் சோற்றுக்கு வழியின்றி விலைபோன அம்மக்களை ஐரோப்பிய ஓவிய மரபு அழகிகளாகக்கூட நினைவில் வைக்கவில்லை. இதை மனத்தில் கொண்டு பார்ப்பவருக்குப் பெயின்டரின் அட்லஸ் தொலைநாட்டுப் படமாகத் தோன்றாது.

கலை வரலாற்றறிஞர் சி. சிவராமமூர்த்தி தம் நூல்களுக்குத் தாமே வரைந்த கோட்டோவியங்களை, குறிப்பாக 1942இல் வெளிவந்த அமராவதிச் சிற்ப நூலில் உள்ளவற்றை, பெயின்டரின் ஓவியங்களோடு ஒப்பிடுவது பெரும்பயன் தரும். அங்கே கோடு சிற்பத்துக்குப் பணிந்து அதைத் தெளிவாக்குகிறது. அந்தப் பணிவே அதன் அழகு. பெயின்டரோ கணினியிலும் கையாலுமாக உருவங்களை மாற்றி மாற்றி அமைத்து, அடிக்குறிப்பு கேட்காத ஓர் உரிமையை எடுத்துக்கொள்கிறார். திறமை, தெளிவு, பொருள் ஆகியவற்றையே நாடும் இருபதாம் நூற்றாண்டுக் கண்கள் தமக்கு வாய்த்திருந்ததையும், கலைப்பள்ளியில் அவற்றோடு போராட நேர்ந்ததையும் 2018இல் வெளியான தன்வரலாற்று நூலில் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ரசிகருக்கும் அதே போராட்டம் உண்டு. ஆகவே ஓவியத்தை முதலில் பார்த்து, அதன் நிறங்களோடும் குலைந்த வடிவங்களோடும் போதிய நேரம் இருந்துவிட்டு, அதன்பின் அவரது வரலாற்று நூலைப் படிப்பது நல்லது. வரிசை மாறினால் ஓவியம் நூலுக்கு வரைந்த விளக்கப்படமாகச் சுருங்கிவிடக்கூடும்.