உடன்போக்குப் பாடல்களில் தலைவி கூற்று

களவொழுக்கத்து நின்ற தலைவி, தமர் வரைவு மறுத்தவழியோ அயலார் வரைவு நேர்ந்தவழியோ, தலைவனொடு இல்லிறந்து நெடுந்தொலைவு செல்லுதலை உடன்போக்கு என்பர். இவ்வொழுக்கம் பாலைத்திணைக்கு உரியது. பாலை என்றவுடன் மணல் பரந்த வெளியைக் கருதுவார் இன்றும் உளர். அது பொருந்தாது. மலையும் காடும் கோடை வெப்பத்தால் வளங்குன்றித் திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதையால் விளங்கும். மலைச்சாரலின் சிறு நெறியும், மூங்கில் செறிந்த அருவழியும், புலியும் செந்நாயும் திரியும் குன்றமுமே சங்கப் புலவர் காட்டும் வழி. இருவர் துணையாகி ஒரு மலைநாட்டைக் கடந்து செல்லும் செலவே உடன்போக்கு என்க.

இச்செலவைப் பற்றிப் பேசுவோர் யாவர் என்பதே இக்கட்டுரையின் வினா. சென்றவர் இருவர், பேசுவோரோ பலர். தொல்காப்பிய அகத்திணையியல் நற்றாய், தோழி, கண்டோர், தலைவன் ஆகியோர் கூற்றுகளைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றது. தலைவிக்கு அங்குத் தனி நூற்பா இல்லை. எஞ்சியோர்க்கும் கூற்று உண்டு என்னும் பொதுவிதியுள் அவள் அடங்குகின்றாள். செலவின் நடுவே நிற்பவள் இலக்கணத்தில் எஞ்சியோருள் ஒருத்தி ஆகின்றாள்.

பெயரீட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. இவ்வொழுக்கத்தைக் கொண்டுதலைக்கழிதல் என்றும் கூறுவர். கொண்டு செல்பவன் தலைவன்; கொள்ளப்படுபவள் தலைவி. உடன்போக்கு என்னும் பெயரிலோ அவ்வேற்றுமை இல்லை, இருவரும் போகின்றனர். இவ்விரு பெயர்களுள் பாடல்களின் உள்ளத்திற்கு இயைந்தது எது என்பதனைக் கூற்றுவகையால் ஆராய்வாம்.

முதற்கண் தாயர் கூற்றைக் காண்போம். குறுந்தொகை 44ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் காட்டும் செவிலி, தேடித் தேடிக் கால் ஓய்ந்து, பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மழுங்கி நிற்கின்றாள். எதிர்வரும் இணைகள் விண்மீன்களினும் மிகப் பல. அவர்களுள் தன் மகள் மட்டும் இல்லை. அந்நூலின் 378ஆம் பாட்டில் கயமனார் காட்டும் தாயோ, கதிரவன் காயாதிருக்க வேண்டும், வழியில் மரநிழல் வேண்டும், மலைச் சிறுநெறியில் மணல் பரவவேண்டும், குளிர்மழை பொழியவேண்டும் என வேண்டுகின்றாள். இவை உயர்ந்த பாடல்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் இவர்கள் அறிந்தது வெற்று மனையும் தம் அச்சமுமே. வழியை இவர்கள் கண்டிலர், எண்ணிப் பார்த்தனர்.

கண்டோர் கூற்று இதனின் வேறானது. குறுந்தொகை 7ஆம் பாட்டில் பெரும்பதுமனார், கழலணிந்த வில்லோனும் சிலம்பணிந்த இளையாளும் மூங்கிற் காட்டிற் செல்வதைக் காட்டுகின்றார். காற்றில் மோதும் வாகை நெற்றொலி கயிற்றில் ஆடுவாரது பறையொலியை ஒக்கும் என்னும் உவமையால், அடி பிறழாது நடக்கவேண்டிய வழியின் இடர் உணர்த்தப்படுகின்றது எனலாம். ஐங்குறுநூறு 381ஆம் பாட்டில், நெல்லிக்காய் தின்று மராமரத்தின் வரிநிழலில் இளைப்பாறும் இருவரைக் காண்கின்றோம். இரண்டு பாட்டிலும் கண்டோர், இவர் யாரோ எனத் தம்முள் வினவி, அளியர் என்று இரங்குகின்றனர். அவர்களை அணுகி வினவினாரல்லர். ஆதலின் கண்டோர் கூற்று கனிவுடையதாயினும் புறத்தே நின்று நோக்குவதேயாம்.

தலைவன் கூற்று வழிக்கு உள்ளிருந்து பிறப்பது. நற்றிணை 9ஆம் பாட்டில், நிழல் கண்டவிடமெல்லாம் தங்கியும் மணல் கண்டவிடமெல்லாம் விளையாடியும் வருந்தாது வருக எனத் தலைவன் தலைவியைத் தேற்றுகின்றான். விரைவு வேண்டா என்னும் இவ்வன்பு போற்றத்தக்கது. எனினும் இங்கும் தலைவி தேற்றப்படுபவளாகவே நிற்கின்றாள். அவள் மனையில் ஆடிய விளையாட்டே வழியிலும் அவளுக்கு உரியதாகக் காட்டப்படுகின்றது.

தலைவியின் செயலை அறமெனத் தெளிவாக நிறுவுவது கலித்தொகை 9ஆம் பாட்டு. தேடிவரும் செவிலியிடம் அந்தணர், சந்தனம் மலையிற் பிறந்தும் மலைக்குப் பயன்படாது பூசுவார்க்கே பயன்படும், முத்து கடலிற் பிறந்தும் அணிவார்க்கே உரியது, இசை யாழிற் பிறந்தும் முரல்வார்க்கே பயன்படுவது எனக் கூறி, அவள் சென்ற வழி அறநெறியே என்கின்றனர். இம்மறுமொழியின் அழகில் ஈடுபடாதார் இலர். ஆயின் உவமைகளை ஊன்றி நோக்குதல் வேண்டும். சந்தனமும் முத்தும் தாமே செல்வன அல்ல, பிறரால் கொள்ளப்படுவன. தலைவிக்காக வாதிடும் இடத்தும் அவள் கொள்ளப்படும் பொருளாகவே நிற்கின்றாள். இது கொண்டுதலைக்கழிதல் என்னும் பெயருக்கு இயைந்த வாதமேயன்றி உடன்போக்கு என்னும் பெயருக்கு இயைந்தது அன்று.

இனி, தலைவி தானே பேசுமிடத்தைக் காண்போம். ஐங்குறுநூற்றுப் பாலையில், ஓதலாந்தையார் பாடிய இடைச்சுரத்து உரைத்த பத்தில் அத்தகைய பாட்டுகள் உள. 384ஆம் பாட்டில், எதிர்ப்படும் அந்தணரை அவள் இரந்து வேண்டுகின்றாள். தாய் விரும்பி வளர்த்த அழகு மேலும் பொலிவுறுமாறு அரிய வழியைக் கடந்தாள் எனத் தன் தோழியர்க்கு உரைக்குமாறு கூறுகின்றாள். 385ஆம் பாட்டில், காளையொடு தேரேறி, புலிகள் வாழும் மலை பின்னே ஒழியப் பல சுரங்களைக் கடந்தாள் எனத் தன் தாய்க்கு உரைக்குமாறு வழிச்செல்வாரை வேண்டுகின்றாள்.

இவ்விரண்டிலும் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வினை. இரண்டிலும் அவள் தன் செயலை ‘இறந்தனள்’ என்னும் சொல்லாற் கூறுகின்றாள். கடந்தவள் அவளே. கொண்டு செல்லப்பட்டாள் என்னும் குறிப்பு யாண்டும் இல்லை. தலைவன் குறிக்கப்படும் இடத்தும் ஒடு என்னும் உருபே வருகின்றது. அது உடனிகழ்ச்சிப் பொருட்டாதலின் அவன் துணையாவானன்றிக் கருத்தா ஆகான்.

இரண்டாவது, இடம். தன் செயலை அவள் தன்மையிற் கூறாது படர்க்கையிற் கூறுகின்றாள். தூது செல்வார் வாய்மொழியாக அமைந்தமையின் படர்க்கை இயல்பே என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அது ஒருவாற்றான் ஏற்புடைத்து. ஆயின் உறவைச் சுட்டுமிடத்துத் தோழியரை என் ஆயம் என்றும், தாயைத் தன்மைக்குரிய யாய் என்னும் முறைப்பெயராலும் அவளே குறிக்கின்றாள். ஒரே தொடரில் உறவு தன்மையிலும் செலவு படர்க்கையிலும் நிற்கின்றன. ஊர் இனித் தன்னை எவ்வாறு பேசும் என்பதனை அவள் அறிவாள். ஊரார் சொல்லப்போகும் ‘அவள்’ என்னும் சொல்லைத் தானே முற்பட எடுத்து, அதற்குரிய பயனிலையையும் தானே அமைத்துத் தருகின்றாள் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மூன்றாவது, கேட்போர். தோழியர்க்கு விடுத்த செய்தியில் தாயின் வளர்ப்பு நன்றியொடு நினைக்கப்படுகின்றது. தாய்க்கு விடுத்த செய்தியிலோ அவள் அறமில்லாதவள் எனப்படுகின்றாள். ஆயினும் அவ்வன்சொல்லுக்கு முன்னரே, தன் தோளை விரும்பிப் பாராட்டியவள் அத்தாய் என்பதனையும் தலைவி நினைவுகூர்கின்றாள். பிரிந்த வருத்தம் தாயர்க்கு மட்டும் உரியதன்று. மலையைக் கடந்தவளுக்கும் அது உண்டு; சினத்தொடு கலந்து உண்டு. இதனைத் தாயர் கூற்றிலோ கண்டோர் கூற்றிலோ காண்டல் அரிது.

மீட்சியிலும் இம்முறையே தொடர்கின்றது. மறுதரவுப் பத்தில் 397ஆம் பாட்டில், ஊர் திரும்பும் தலைவி, முன்னே விரைந்து செல்வாரிடம், அவள் வருகின்றாள் என என் தோழியர்க்கு உரைமின் என்கின்றாள். போகும்போது அவள் குறித்தது கொல்ல வல்ல புலியின் மலை. மீளும்போது குறிப்பது குட்டியையுடைய பன்றியைக் கொல்லாது விலகிச் செல்லும் செந்நாயின் சுரம். சுரத்தின் கொடுமை குறைந்ததோ, அவள் நோக்கு மாறியதோ என்பது கற்பார் சிந்தனைக்குரியது.

இதனொடு கண்ணகியை ஒப்புநோக்கலாம். அவள் செலவு உடன்போக்கு அன்று. மணந்த கணவனொடு புகாரினின்று மதுரை சென்ற செலவு. சிறிது தொலைவு நடந்த அளவிலே மதுரை யாது என அவள் வினவ, கோவலன் நகைத்து விடை கூறுகின்றான். அவ்வினா வழியறியாதாள் வினா. ஐங்குறுநூற்றுத் தலைவியின் மொழியோ கடந்த வழியை அறிந்தாள் மொழி.

முதுகலை வகுப்பில் உடன்போக்கைப் பயிற்றும்போது, தாயர் இரங்கலையே முன்வைத்து நடத்தும் வழக்கம் நம்மிடை உண்டு. இக்கட்டுரையாளனும் பல ஆண்டுகள் அவ்வாறே நடத்தினான். மாணவி ஒருத்தி, சென்றவள் என்ன சொன்னாள் என ஒருநாள் வினவினாள். அன்று விடைகூற இயலாமையே இவ்வாராய்ச்சிக்குக் காரணம். தாயர் பாடல்களைக் குறைத்துக் கூறுதல் நம் நோக்கமன்று. எஞ்சினோர் துயரமே ஒழுக்கத்தின் முழுப்பொருள் எனக் கொண்டால், சென்றவளின் துணிவு பிறர் இழப்பாக மட்டுமே எஞ்சும். கூற்று எண்ணிக்கையால் தலைவி பின்னிற்கின்றாள். சொல்லின் உறுதியால் முன்னிற்கின்றாள். ஆதலின் இவ்வொழுக்கத்திற்கு உடன்போக்கு என்னும் பெயரே சிறக்கும் என்பதும், அதனை நிலைநாட்டுவது தலைவியின் சில கூற்றுகளே என்பதும் இதுகாறும் கூறியவாற்றான் பெறப்படும்.