காவல்துறை கேட்கச் சொன்ன கேள்விகள்

பல்கலைக்கழகங்களும் காவல்துறையும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது இன்று பழகிப்போன காட்சியாகிவிட்டது. துணைவேந்தரும் காவல் உயரதிகாரியும் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் படம் நாளிதழில் வருகிறது; ஆய்வின் துணையோடு காவல் பணி மேம்படும் என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது. இதில் ஐயம் எழுப்பினால் உடனே ராஜஸ்தானைக் காட்டுகிறார்கள். 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அங்கே காவல்துறையோடு சேர்ந்து ஆய்வு நடத்தினார்களே, அதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்கிறார்கள். அந்த ஆய்வின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதன் பெயரால் எல்லா ஒப்பந்தங்களுக்கும் நற்சான்று வழங்குவதை ஏற்க முடியவில்லை. கள்ளக்குறிச்சியில் நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானில் 11 மாவட்டங்களில் 162 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். காவலர்களுக்குப் பயிற்சி அளித்தது பலன் தந்தது. அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்தி வைத்ததும் உதவியது. வார விடுமுறை போன்ற சில மாற்றங்கள் ஒழுங்காக நடைமுறைக்கே வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்த ஆய்வு, பெண்களுக்கான உதவி மையம் இருந்தால் அவர்களுடைய புகார்கள் கூடுதலாகப் பதிவாகின்றன என்று 2022இல் காட்டியது. நம் மாநிலத்திலேயே, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தப்பட்ட காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி, மன அழுத்தத்தில் உழலும் காவலர்களுக்கு வேண்டிய ஒன்றுதான். சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தையும் குறை சொல்ல மாட்டேன். உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் நான்கு வழியாக வரும் சாலை புறவழிச்சாலைகளில் இரு வழியாகக் குறுகி எத்தனை உயிர்களைக் குடித்தது என்பது கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குத் தெரியும். விபத்து நடந்த இடத்தைக் கைப்பேசிச் செயலியில் காவலர் குறித்து வைப்பது அங்கே உயிர் காக்கும் வேலை.

ஆனால் இந்தப் பட்டியலையே இன்னொரு முறை பாருங்கள். காவலரின் மன அழுத்தம், காவலருக்குப் பயிற்சி, சாலை விபத்து. காவல்துறை தயங்காமல் கதவைத் திறந்துவிடக்கூடிய விஷயங்கள் இவை. என் நெடுநாளைய மறுப்பு இதுதான்: இந்தக் கூட்டில் எதைக் கேட்பது என்பதைத் தீர்மானிப்பவர் ஆய்வாளர் அல்லர்; ஆராயப்பட வேண்டியவரே தீர்மானிக்கிறார்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 65 பேருக்கும் மேல் இறந்தார்கள். மலையிலோ காட்டிலோ நடந்ததல்ல. மாவட்டத் தலைநகரில், நீதிமன்ற வளாகத்தையொட்டிய பகுதியில், காவல் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் 20 பேருக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அப்படியிருந்தும் கருணாபுரத்தில் விற்பனை எப்படித் தடையின்றி நடந்தது? இந்த ஒரு கேள்வியை எந்த ஒப்பந்தத்தின் கீழாவது ஒரு பேராசிரியர் கேட்டிருக்க முடியுமா? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், காவல்துறை கண்டும் காணாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போயும் அந்த உத்தரவு நிலைத்தது. கண்டும் காணாமல் இருப்பது எப்படி ஒரு நிலையத்தின் அன்றாட வழக்கமாகிறது என்பதுதான் ஆராயத்தக்க பொருள். அதை ஆராய அனுமதிக் கடிதம் கிடைக்காது.

கிடைப்பது எண்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் மதுவிலக்குச் சோதனை எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த பேரல்கள் ஓடைக்கரையில் புதருக்குள் இருக்கும். மாதிரிக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே கவிழ்ப்பார்கள். பேரலின் கொள்ளளவைக் கணக்கிட்டு இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்று செய்திக்குறிப்பு போகும். சாய்ந்த பேரல்களைச் சுற்றிக் காவலர்கள் நிற்கும் படமும் உண்டு. ஆண்டு முழுக்க இவற்றைக் கூட்டினால் அட்டவணை வந்துவிடும். அந்த அட்டவணையை ஆய்வாளரிடம் கொடுத்தால் மலையில் எங்கே சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று வரைபடம் போட்டுத் தருவார். உண்மையில் அந்த வரைபடம் காட்டுவது காவலர்கள் எங்கே போனார்கள் என்பதை மட்டுமே. அவர்கள் போகாத இடம் அதில் வெறுமையாக இருக்கும். கருணாபுரம் அப்படிப்பட்ட வெறுமை. அங்கே கொன்றதோ மலையில் வெல்லம் போட்டு ஊறவைத்த சரக்கல்ல, ஆலைகளுக்கான ரசாயனம். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினரை மேலும் மேலும் சோதனையிடச் சொல்லும் புள்ளிவிவரம், கீழே நகரத்தில் மெத்தனால் கைமாறியதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. பேசாதது மட்டுமல்ல, ஏற்கெனவே சந்தேகத்துக்கு ஆளாகி வாழும் மக்கள் மீதான சந்தேகத்துக்குப் பல்கலைக்கழக முத்திரையும் குத்திக் கொடுக்கும்.

ராஜஸ்தான் ஆய்வு இங்கேதான் வேறுபட்டது. ஆய்வுக் குழுவினர் புகார்தாரர்களைப் போல முன்னறிவிப்பின்றிக் காவல் நிலையங்களுக்குப் போனார்கள். புகார் பதிவாகிறதா என்று பார்த்தார்கள். வீடு வீடாகப் போய், குற்றத்துக்கு ஆளானவர்களில் எத்தனை பேர் நிலையத்தின் படியேறினார்கள் என்றும் கேட்டார்கள். நிலையத்தின் பதிவேட்டை அவர்கள் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. இங்கே ராஜஸ்தானை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் அப்படி ஒரு சோதனைக்கு ஒப்புக்கொள்ளும் அதிகாரியும் இருக்கக்கூடும். இருந்தாலும் அவர் மாற்றலாகிப் போனதும் அனுமதியும் போய்விடும். அடுத்த ஆண்டும் தரவு வேண்டுமென்றால் ஆய்வாளர் இந்த ஆண்டு எதை எழுதக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரியும். நேர்மையான ஆய்வாளரையும் இந்த ஏற்பாடு மெல்ல வளைத்துவிடுகிறது.

கல்வராயனுக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நினைத்துப் பார்க்கிறேன். 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011இல், உயிரோடிருந்த அத்தனை பேரையும் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காவல்துறையைப் பற்றி நம் காலத்தில் வெளிவந்த மிகப் பெரிய உண்மைகளில் இது ஒன்று. இதை வெளிக்கொண்டு வந்தவர்கள் பாதிக்கப்பட்ட மக்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். காவல்துறையின் அனுமதியைக் கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் வாச்சாத்தி என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போகும் பேராசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். முடிவுகளை முன் அனுமதியின்றி வெளியிடும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். பணம் காவல்துறையிடமிருந்து வர வேண்டாம். பதிவேட்டைத் தொடும் முன் கருணாபுரத்துக்கும் கல்வராயன் மலைச் சேராப்பட்டுக்கும் போய், புகார் கொடுக்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆய்வின் கேள்விகளில் பாதியையாவது அந்த மக்கள் சொல்லட்டும். இதற்குக் காவல்துறை உடன்படவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.