உயிலும் குடிக்கணக்கும்: ஆங்கில யூதர்களின் கொடிவழித் தேடல்

சிறு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால் போதும், முன்னோர் யாரென்று சில வாரங்களில் தெரிந்துவிடும், பழைய ஏடுகளைப் புரட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற நம்பிக்கை இன்று கொடிவழித் தேடலில் கொடிகட்டிப் பறக்கிறது. மற்ற சமூகங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று வாதிட நான் வரவில்லை. யூதக் குடும்பங்களைப் பொறுத்தவரை அது தவறு. நூறாண்டுக்கும் மேலான உழைப்பை ஓரங்கட்டும் அலட்சியமும்கூட.

ஐரோப்பாவின் அஷ்கநாசி யூதர்கள் பல நூற்றாண்டுகள் தமக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள். 128 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களுடைய மூதாதையர் கூட்டம் 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 350 பேர் என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது என்று கணித்தது. அதனால் எவரை எவரோடு ஒப்பிட்டாலும் உறவு தென்படும். மூன்று நான்கு தலைமுறைக்கு முன் பிரிந்த சொந்தம் என்று சோதனை காட்டுகிறவர், பத்துத் தலைமுறைக்கு அப்பால் பல வழிகளில் வந்து ஒட்டிய தூரத்து உறவாக இருக்கக்கூடும். உறவு உண்டு என்று ரத்தம் சொல்லிவிடும். யார் வழியில், எந்தத் தெருவில், என்ன தொழிலில் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல இங்கிலாந்தில் முக்கியமாக இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன: அரசு எழுதிய குடிக்கணக்கு, சாகப்போகிறவர் எழுதிய உயில்.

இந்தத் துறையின் தொடக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். பிக்கியோட்டோ 1875இல் எழுதிய ஆங்கில யூத வரலாற்றுச் சித்திரங்கள் வாசிக்கச் சுவையானவை. ஆதாரம் தேடுகிறவருக்கு அவை போதா. 1893இல் ஆங்கில யூத வரலாற்றுச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் லூசியன் வுல்ஃப், 1656ஐ ஒட்டி யூதர்கள் இங்கிலாந்துக்குத் திரும்ப வந்த மறுகுடியேற்றக் காலத்து லண்டனில் மறைந்து வாழ்ந்த யூதர்களை அரசு ஆவணங்களிலிருந்து வெளியே கொண்டுவந்தார். அது பெரிய காரியம். அவருக்குப் பின் வந்த செசில் ராத்தின் 1941ஆம் ஆண்டு வரலாறு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் இந்த முன்னோடிகள் எல்லோரிடமும் ஒரு சாய்வு உண்டு. வங்கி வைத்திருந்தவர், நாடாளுமன்றத்தில் நுழைந்தவர், குலச்சின்னம் பெற்றவர் என்று பெரிய வீட்டு ஊர்வலமாகவே யூத வரலாறு அவர்கள் கையில் நகர்ந்தது. சந்தையில் பழந்துணி விற்றவருக்கு அதில் இடமில்லை.

சர் தாமஸ் கோல்யர்-ஃபெர்கூசனையும் இந்த ஊர்வலத்தோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கென்ட் மாவட்டத்தில் அகழி சூழ்ந்த பழைய மாளிகைக்கு உரிமையாளர். நம் வாசகர்கள் நன்கறிந்த மாக்ஸ் முல்லரின் மருமகன். மகனை 1917இல் பெல்ஜியப் போர்முனையில் பறிகொடுத்தவர். யூதக் குடும்பங்களின் கொடிவழிகளை அவர் அசாத்தியப் பொறுமையோடு சேர்த்துவைத்தார். அந்தத் தொகுப்புக்கு இத்துறை என்றும் கடன்பட்டிருக்கிறது.

எனக்கு அவரிலும் மேலானவராகப் படுகிறவர் ஆர்தர் பி. ஆர்னால்டு. பொது வரலாறுகளில் இவர் பெயர் அடிக்குறிப்புக்கு மேலே ஏறியதே அரிது. வரலாற்றுச் சங்கம் 1949இல் ஆங்கில யூதப் பிரமுகர்களைப் பற்றி ஒரு தொகுதி வெளியிட்டது. அதில் ஒரு பக்கம் பிரமுகர்களின் குலச்சின்னங்கள், இன்னொரு பக்கம் ஆர்னால்டு தொகுத்த யூத உயில்களின் பட்டியல். சின்னங்களை இன்று யாரும் தேடுவதில்லை. உயில் பட்டியலை விரல்வைத்துத் தேடாமல் இத்துறையில் எவரும் காலெடுத்து வைக்க முடியாது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1962இல், அவரே 1695ஆம் ஆண்டு லண்டன் கணக்கிலிருந்து யூதக் குடும்பங்களை வீடு வீடாகப் பிரித்தெடுத்து அச்சேற்றினார்.

அந்த 1695ஆம் ஆண்டுக் கணக்கின் கதை கேட்கத் தகுந்தது. பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் வேண்டியிருந்தது. பிறப்பு, திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் வரி போட்டார்கள். 25 வயது தாண்டியும் மணமாகாத ஆணுக்கும் வரி. வரி வாங்க வேண்டுமானால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் எழுதியாக வேண்டும். மனைவி, மக்கள், வேலைக்காரர், ஒண்டுக் குடித்தனக்காரர் என்று எல்லோரும் ஏட்டில் ஏறினார்கள். போர்ச்செலவுக்காக எழுதிய அந்த வரித்தாள், மறுகுடியேற்றம் நடந்து நாற்பதே ஆண்டான ஒரு சமூகத்தின் முதல் குடும்பப் படமாக மாறியது. பெரிய வணிகரின் வீட்டு மாடியில் தங்கியிருந்த ஏழை உறவினரையும் ஆர்னால்டு விடாமல் எழுதிவைத்தார். இந்தத் துறை ஊர்வலப் பாதையிலிருந்து சந்துக்குள் திரும்பிய இடம் அதுதான் என்பது என் துணிபு.

இங்கிலாந்தில் பெயர் பெயராக எழுதிய முதல் தேசியக் கணக்கு 1841இல் வந்தது. அது பெருங்குறை உடையது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். வெளிநாட்டில் பிறந்தவருக்கு ஒரே ஓர் எழுத்துதான் அடையாளம். 1851 மார்ச் 30ஆம் தேதிக் கணக்கு எவ்வளவோ மேல். குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன முறை என்று அதில் கேட்டார்கள். உள்நாட்டில் பிறந்தவர் எந்த ஊர் என்றும் கேட்டார்கள். வெளிநாட்டார் நாட்டின் பெயர் சொன்னால் போதும். போலந்து, பிரஷ்யா, ஹாலந்து என்ற ஒற்றைச் சொல்லோடு கதவு அடைத்துக்கொள்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்துக் குடிக்கணக்கு ஒவ்வொருவரிடமும் மதம் கேட்டது 2001இல்தான். அப்படியானால் 1851இல் யார் யூதர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை நம்பினால் ஏமாந்துபோவோம். வேல்ஸ் நாட்டுச் சிற்றாலயக் கிறிஸ்தவர்கள் ஐசக், சாமுவேல், மோசஸ் என்று பழைய ஏற்பாட்டுப் பெயர்களை வாரி வாரி வைத்தார்கள். லண்டன் யூதரோ டேவிஸ், ஹாரிஸ், பிலிப்ஸ் என்று ஆங்கிலப் பெயர்களோடு நடமாடினார். மோசஸ் மாஸ் ஆனார், லெவி லூயிஸ் ஆனார். தொழிலை வைத்தும் தீர்மானிக்க முடியாது. தையற்காரர் எல்லா மதத்திலும் இருந்தார்கள். ஜெப ஆலயத் திருமணப் பதிவு, அடக்கப் பதிவு, உயில் ஆகியவற்றோடு ஒவ்வொரு வீட்டையும் ஒத்துப்பார்த்தால் ஒழிய விடை கிடைக்காது.

பெட்ரா லெய்ட்லா தொகுத்த 1851 ஆங்கில யூதர் தரவுத்தளம் இந்த ஒத்துப்பார்க்கும் வேலையைத்தான் செய்தது. அதில் இருக்கும் பெயர்கள் 29,000ஐத் தாண்டும். ஒரு நபரை எடுத்தால் பெற்றோர், மணம், பிள்ளைகள், பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவான முகவரி, தொழில் என்று வாழ்க்கையின் நடைபாதை தெரிகிறது. வரலாற்றாசிரியர் லிப்மன் 1954இல் எழுதிய சமூக வரலாற்றில் யூதர்கள் எண்ணிக்கையாக வந்தார்கள். இங்கே ஆளாக வருகிறார்கள். பல்கலைக்கழகத் துறைகள் இதற்கு உரிய மரியாதை தரவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மன்னர் பரம்பரையைத் துலக்குவது வரலாறு, லண்டன் பெட்டிகோட் லேன் நடைவியாபாரியின் வீட்டைத் துலக்குவது பொழுதுபோக்கு என்ற பழைய படிநிலை இன்னும் சாகவில்லை.

குடிக்கணக்கு அடைத்துவிட்ட கதவை உயில் திறக்கிறது. 1858 ஜனவரிக்கு முன் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்களே மெய்ப்பித்தன. அவற்றில் உச்சமானது கான்டர்பரி பேராயரின் நீதிமன்றம். யூதரும் தம் உயிலை அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. போர்த்துகீசிய மொழியில் எழுதிய உயிலை மொழிபெயர்த்து ஏட்டில் ஏற்றினார்கள். கணக்கெடுப்பாளர் போலந்து என்று எழுதி முடித்துக்கொண்ட மனிதர், தன் உயிலில் பிறந்த ஊரின் ஜெப ஆலயத்துக்குக் காசு விட்டுப்போகிறார். அங்கே இருக்கும் அண்ணன் பெயரைச் சொல்கிறார். கட்டிக்கொடுத்த மகளை அவள் கணவன் பெயரோடு குறிக்கிறார். பிறந்த வீட்டிலிருந்து மறைந்துபோன பெண்களைத் திரும்பக் கண்டெடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. விதவைகளின் உயில்கள் இந்த வகையில் தங்கச் சுரங்கம். கணவன் உயிரோடு இருந்தவரை பெண் தன் விருப்பப்படி உயில் எழுத முடியாத சட்டம் 1882 வரை நீடித்தது. ஆகவே விதவையான பிறகுதான் அவள் வாய் திறக்கிறாள். திறந்தால் பேத்திகள், மருமகள்கள், தங்கை மக்கள் என்று ஒருவரையும் மறப்பதில்லை.

மனத்தின் ரகசியமும் உயிலில்தான் வெளிப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் பெரும் நிதியாளர் சாம்ப்சன் கிடியன் ஜெப ஆலய உறுப்பினர் பதவியைத் துறந்தவர், பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாக வளர்த்தவர். யூதத்தைக் கைகழுவிவிட்டார் என்றே உலகம் நினைத்தது. 1762இல் அவர் இறந்து உயிலைப் பிரித்தபோது, லண்டனின் பெவிஸ் மார்க்ஸ் ஜெப ஆலயத்துக்கு 1,000 பவுண்டும், தன்னை அதன் இடுகாட்டில் புதைக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் இருந்தன. எந்த எச்சில் குழாய் இதைச் சொல்லும்? எலியாஸ் டி பாஸ் என்ற யூதர் 1,200 பவுண்டை யூதச் சட்டம் பயிலும் கல்விக்கூடத்துக்கு விட்டுப்போனார். அந்த நோக்கம் கிறிஸ்தவ அரசின் சட்டத்துக்கு ஒவ்வாது என்று நீதிபதி லார்டு ஹார்ட்விக் தீர்ப்பளித்தார். அதில் 1,000 பவுண்டு அனாதைக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போயிற்று, கிறிஸ்தவ மதத்தைக் கற்பிக்க. படிக்கும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

இந்த உயில் பாதை நம் சென்னைக்கும் வருகிறது. லண்டனின் செபார்டி யூத வணிகர்கள், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்தவர்கள், பவளத்தை இங்கே அனுப்பி வைரத்தை அங்கே வரவழைத்தார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்: பார்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ டா ஃபொன்சேகா. அதற்கு முந்தைய ஆண்டு, கோல்கொண்டா வைரச் சுரங்கத்துக்குப் போய் நோயோடு திரும்பிய ஜாக் டி பைவா சென்னையில் இறந்தார். கடல் கடந்து இறந்தவருக்கு இங்கிலாந்தில் சொத்து இருந்தால் உயில் கான்டர்பரி நீதிமன்றத்துக்கே போகும். சென்னைத் தங்கசாலைத் தெருவின் யூத இடுகாட்டில் புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகுட்டிகளைத் தேடி லண்டன் ஏட்டைப் புரட்ட வேண்டியிருப்பது இதனால்தான். கோட்டை வரலாறு எழுதுகிற நம்மவர்கள் இந்தப் பக்கம் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

உயிலின் குறையும் தெரிந்ததுதான். சொத்து உள்ளவனே எழுதுவான். ஏழையைக் குடிக்கணக்கில் தேட வேண்டும், உள்ளவனை உயிலில் தேட வேண்டும், இரண்டையும் ஒருசேர வைத்துப் படிக்க வேண்டும். பெயர் வைக்கும் வழக்கமும் அதற்குக் கைகொடுக்கும். செபார்டிகள் உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பெயரன் என்ற சொல்லே பேரன் ஆன மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அஷ்கநாசிகள் இறந்தவர் பெயரை மட்டுமே வைப்பார்கள். ஆகவே ஓர் அஷ்கநாசி வீட்டில் ஆபிரகாம் என்ற குழந்தை பிறந்தால், கிழ ஆபிரகாம் அதற்கு முன்பே கண்மூடிவிட்டார் என்று ஊகித்து, அந்த ஆண்டுகளின் உயில்களைத் தேடலாம்.

கடைசியாக, மூலத்தாள். கான்டர்பரி நீதிமன்றத்தின் பேரேடுகளில் இருப்பவை எழுத்தர் பார்த்தெழுதிய நகல்கள்; மூல உயில்கள் தனி வரிசையில் இருக்கின்றன. பெரும்பாலானோர் நகலோடு நின்றுவிடுகிறார்கள். மூலத்தை எடுத்துப் பார்த்தால் சில உயில்களின் அடியில் எபிரேயக் கையெழுத்து இருக்கும். யூத வழக்கப்படி அந்தக் கையெழுத்தில் தன் பெயரோடு தகப்பன் பெயரும் சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் வெறும் ஐசக் லெவியாக இருந்தவர், எபிரேயத்தில் இன்னாரின் மகன் இட்சாக் ஆகிறார். ஒரே கையெழுத்தில் ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கிறது. அதைக் கல்லறைக் கல்லோடு பொருத்தினால் கொடி இன்னும் மேலே ஏறுகிறது.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் நீதித்துறை அமைச்சகம் ஒரு யோசனையை முன்வைத்தது. 1858 முதல் சேர்ந்திருக்கும் உயில் ஆவணங்களைப் படமெடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மூலத்தாள்களை அழித்துவிடலாம் என்பது அது. ஆண்டுக்கு 45 லட்சம் பவுண்டு மிச்சமாகும் என்றார்கள். டார்வின், டிக்கன்ஸ், டயானா போன்ற புகழ்பெற்றவர்களின் உயில்களை மட்டும் காப்பார்களாம். வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். படம் மங்கலாக விழுந்துவிட்டால் திரும்பப் பார்க்கத் தாள் இருக்காது. அதைவிடக் கொடியது அந்தப் பொறுக்கல். பிரமுகரை வைத்துக்கொண்டு மற்றவரைக் கொளுத்து என்பது, ஆர்னால்டும் லெய்ட்லாவும் எதிலிருந்து இந்தத் துறையை மீட்டார்களோ அந்தக் குலச்சின்ன மனநிலை.

அப்படி ஓர் இழப்பு நேர்ந்தால் குடிக்கணக்கை நம்பி அதைச் சரிக்கட்ட முடியாது. 1931ஆம் ஆண்டுக் கணக்கு 1942 டிசம்பரில் நடந்த தீவிபத்தில் முழுக்க எரிந்துபோயிற்று. 1941இல் போரினால் கணக்கே எடுக்கவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கு 2052க்கு முன் திறக்காது. ரஷ்யாவிலிருந்து ஓடிவந்தவர்களின் பிள்ளைகள் லண்டனில் தலையெடுத்த காலமும், ஹிட்லரிடமிருந்து தப்பியவர்கள் வந்து சேர்ந்த காலமும் இந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. அவர்களின் உயில்கள், அழித்துவிடலாம் என்று சொன்ன அந்த மூலத்தாள்களில்தான் இருக்கின்றன.