முறுக்கை அளக்கும் சிறு தகடு

பக்கவாதத்தால் தளர்ந்த கைக்குப் பயிற்சி தரும் கருவிகள் சிலவற்றில், முழங்கை மூட்டுக்கு நேராக ஒரு முறுக்குவிசை உணரி இருக்கும். நோயாளி தாமாக எவ்வளவு முயல்கிறார், கருவி எவ்வளவு தாங்குகிறது என்பதை மோட்டாருக்குச் சொல்வது அதுதான்.

உள்ளே இருப்பது ஓர் உலோகத் தண்டு. அதன்மேல் ஒட்டிய, நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ்கள். 1938-இல் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூகும் அமெரிக்காவில் தனித்தனியே கண்டறிந்த முறை இது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் தகட்டில், சிக்குக் கோலம்போல் வளைந்து வளைந்து ஓடும் உலோக இழை. முறுக்கப்படும் தண்டின் மேற்பரப்பு நீண்டால் இழையும் நீளும், மின்தடை கூடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு, 350 ஓம் இழையில் கூடுவது சுமார் 0.7 ஓம் மட்டுமே. வெப்பம் மாறினாலும் மின்தடை மாறும். ஆகவே நான்கு கேஜ்களை வீட்ஸ்டோன் சமனச் சுற்றில் இணைப்பார்கள். வெப்பம் நான்கையும் ஒன்றுபோல் மாற்றுவதால் அதன் விளைவு பெரும்பாலும் அடிபட்டுப்போகும். அச்சுக்கு 45 பாகை சாய்த்து, உரிய இடங்களில் ஒட்டினால் முறுக்கு பதிவாகும், வளைவு பதிவாகாது. எத்தனை அழகான ஏற்பாடு!

சிக்கல் தடிமனில்தான். தண்டு மெலிந்தால் நலிந்த கையின் சிறு முயற்சியும் தெரியும். ஆனால் தசை திடீரென இறுகி இழுக்கும்போது மெலிந்த தண்டு நிரந்தரமாக உருக்குலையலாம். எனவே ஓர் எல்லைக்கு மேல் திரும்பவிடாத தடுப்பு அவசியம். முன்கையின் எடையையும் கணக்கில் கழிக்க வேண்டும். தவறினால் அந்த எடையையே நோயாளியின் முயற்சி என்று கருவி எடுத்துக்கொள்ளும். இத்தகைய கருவிக்குத் திட்டமிடுபவர்கள் மோட்டாருக்கு முன் இந்த உணரிக்குப் பணம் ஒதுக்குவதே சரி.