இரத்தினபுரிக் கல்லுக்கு எந்த மென்பொருள்?

நகை வரையும் மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது கல் பட்டியல்தான். வட்டம், நீள்வட்டம், பேரிக்காய், சதுரம், இதயம் என்று அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றைத் தொட்டால் போதும், குறை சொல்ல முடியாத வைரம் ஒன்று திரையில் வந்து நிற்கும். இடமும் வலமும் ஒத்திருக்கும், அடிமுனை நட்ட நடுவில் இருக்கும். சப்ரகமுவயில் நம் கைக்கு வரும் நீலக்கல்லோ புஷ்பராகமோ அப்படி இருப்பது அபூர்வம். இங்கே பட்டை தீட்டுகிறவர் எடை குறையாமல் பார்த்துக்கொள்வார். கல்லைக் கரட் கணக்கில்தானே விற்கிறோம். நிறம் கல்லின் ஒரு மூலையில் மட்டும் திரண்டிருந்தால் அந்த மூலை அடியில் வரும்படி தீட்டுவார். மேலிருந்து பார்க்கும்போது கல் முழுதும் நிறமாகத் தெரியும். அதற்கு விலையாக அடி தடித்துவிடும், முனை ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், ஓரமும் சற்றுக் கோணும்.

அதனால் அரநாயக்கவில் இருந்துகொண்டு நகை வரைய மென்பொருள் தேடுகிற ஒருவர், விளம்பரத்தில் மினுங்கும் வைர மோதிரத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. கோணல் கல் ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நான் கொடுத்த கல் ஒரு புஷ்பராகம். நீளம் 9.1, அகலம் 7.4, ஆழம் 5.8 மில்லிமீற்றர். ஆழத்தை அகலத்தால் வகுத்தால் 78 சதவீதம் வருகிறது. பட்டியலில் உள்ள நீள்வட்டக் கல்லுக்கு இது 60 முதல் 65 வரைதான் இருக்கும். அதாவது என் கல்லின் அடி, கணினி நினைப்பதைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரோ அதற்கு மேலோ கீழே இறங்குகிறது. இதைக் கவனிக்காமல் மோதிரம் வார்த்தால் கல்லின் முனை விரலைக் குத்தும்.

கல்லோடு இன்னும் இரண்டு வேலை வைத்துக்கொண்டேன். ஒன்று ஏழுகல் தோடு, மற்றது பழைய தாலி ஒன்றின் இலை வேலைப்பாட்டை அப்படியே திரும்ப எடுப்பது. கணினி சாதாரண மடிக்கணினி. 8 ஜிபி நினைவகம், தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை. தோட்டப் பகுதிப் பிள்ளைகள் வகுப்புக்கென்று வாங்குவதும் ஏறக்குறைய இதே தரம்தான்.

முதலில் ரைனோ. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள மக்னீல் நிறுவனத்தின் பொருள். 1998 முதல் சந்தையில் இருக்கிறது. நகைக்கென்று செய்ததல்ல, படகு முதல் செருப்பு வரை எதையும் வரையலாம். ஆனால் உலகத்தின் நகை மென்பொருள்களில் பல இதன் தோளில்தான் ஏறி நிற்கின்றன. 90 நாள் இலவசமாக முழு வசதியோடும் பார்க்கலாம். அதன்பின் கோப்பைத் திறக்கலாம், சேமிக்க முடியாது. விலை 995 டொலர், ஒருமுறை கட்டினால் அந்தப் பதிப்பு நமக்கே சொந்தம். இன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபா. மாணவர்களுக்கு 195 டொலர்.

புஷ்பராகம் ரைனோவில்தான் ஒழுங்காக உட்கார்ந்தது. கல்லை நேர் மேலிருந்து படம் எடுத்து, படத்தை உள்ளே இறக்கி, கலிப்பரில் அளந்த நீளத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதன் ஓரத்தின் மேல் வளைகோடு ஒன்றை இழுத்தால் கல்லின் கோணல் கோணலாகவே கிடைக்கிறது. முனை ஒதுங்கியிருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஓரத்தையும் புள்ளியையும் பரப்பால் இணைத்தால் கல்லின் அடி தயார். அதே உருவத்தைக்கொண்டு கூட்டைக் குடைந்தால் கல் அமரும் இடம் கிடைத்துவிடுகிறது. துல்லியத்தை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைக்கலாம். நகைக்கு அது தாராளம்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு பரப்புகள் சந்திக்கும் விளிம்பை மழுங்கடிக்கச் சொன்னால் ரைனோ அடிக்கடி முரண்டுபிடிக்கும். ஒரு பக்கம் மழுங்கும், மறுபக்கம் கிழிந்து நிற்கும். கிழிந்த விளிம்பைக் கண்டுபிடிக்கத் தனிக் கட்டளை உண்டு. வார்ப்புக்கு அனுப்புமுன் அதை ஓட்டிப் பார்க்காதவர் பின்னால் வருந்துவார். ரைனோவுக்குள்ளேயே வரும் கிராஸ்ஹொப்பரில் பீகொக் என்ற இலவச இணைப்பைப் போட்டுக்கொண்டால் விரல் அளவு, கல், கல்லைப் பிடிக்கும் கம்பி எல்லாவற்றையும் எண்களால் கட்டுப்படுத்தலாம். பொறுமை உள்ளவருக்கு அது பெரிய வரம். இல்லாதவருக்குத் திரை முழுதும் நூல் சிக்கு.

அடுத்தது பிளெண்டர். முற்றிலும் இலவசம். 2002 முதல் திறந்த மூல மென்பொருளாக இருக்கிறது. அசைவூட்டப் படம் செய்பவர்களுக்காகப் பிறந்தது என்றாலும், ஜுவல்கிராஃப்ட் என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால் நகைப் பட்டறையாகிவிடும். கல் வைக்கும், கம்பி முளைக்க வைக்கும், கல்லுக்கான பள்ளம் வெட்டும், உலோகத்தின் எடையும் சொல்லும்.

ஏழுகல் தோட்டை இதில் செய்தபோது மனம் நிறைந்துவிட்டது. நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு. ஒரே அளவுள்ள வட்டங்களில் ஒன்றைச் சுற்றி ஆறு மட்டும்தான் கச்சிதமாக ஒட்டி உட்காரும்; அந்தக் காலத்துப் பத்தர் காம்பஸ் இல்லாமலே கண்டுவைத்த கணக்கு. 2.5 மில்லிமீற்றர் கல், கற்களுக்கு நடுவே 0.2 இடைவெளி என்றால், சுற்றுக் கல்லின் மையம் நடுக்கல்லிலிருந்து 2.7 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு கல்லை வைத்து 60 பாகைக்கு ஒன்றாகச் சுழற்றினால் தோடு பூத்துவிடுகிறது.

பிளெண்டரின் பெரிய பொறி அளவு. திறந்தவுடன் அது மீற்றரில் நிற்கும். அமைப்பை மில்லிமீற்றருக்கு மாற்றாமல் வரைந்தால், முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அலகு எதுவும் எழுதப்படாததால், மோதிரம் ஆயிரம் மடங்கு பெருத்தோ சிறுத்தோ மறுமுனையில் இறங்கும். புதியவர்கள் முதல் கிழமையில் கைவிட்டு ஓடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புஷ்பராகமும் இங்கே அவ்வளவு இணங்கவில்லை. ஜுவல்கிராஃப்டின் பள்ளம் வெட்டும் கருவி தன் பட்டியலில் உள்ள கல்லைத்தான் எதிர்பார்க்கிறது. கோணல் கல்லுக்கு எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருந்தது.

தாலியில் மட்டும், நான் ஓட்டிப் பார்த்தவற்றில் எதுவும் பிளெண்டரைக் கிட்ட நெருங்கவில்லை. பழைய தாலியின் இலைகள் அளந்து வெட்டியவை அல்ல. உளியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சாய்வு இருக்கும். களிமண்ணைப் பிசைவதுபோல் திரையில் அழுத்தியும் இழுத்தும் உருக்கொடுக்கும் வசதி இங்கே இருக்கிறது. இதே வேலைக்குப் பெயர்போன இசட்பிரஷ் இன்னும் நன்றாகச் செய்யும். ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும், வருடத்துக்கு இரண்டு மூன்று தாலி வரைகிற ஒருவருக்கு அது தேவையில்லை.

தாலி என்றதும் ஒரு விஷயம். தாலிப் பொன்னை நல்ல நேரத்தில் உருக்கும் பொன்னுருக்கல் சடங்கைச் செய்கிற குடும்பத்துக்குக் கணினித் தாலி ஆகுமா என்று கேட்கிறார்கள். வரைபடத்தால் எந்தத் தடையும் இல்லை, கவனம் வார்ப்பில்தான் தேவை. வார்ப்புக் கடையில் பலருடைய நகைகளின் மெழுகு உருவங்களையும் ஒரே மரம்போல ஒட்டி, ஒரே தங்கத்தை ஊற்றுவார்கள். நல்ல நேரத்தில் உருக்கிய பொன் யாரோ ஒருவரின் காப்பில் போய்ச் சேரும். அந்தப் பொன்னையே தனியாக வார்க்கச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கூலி கூடும்.

ஃபியூஷனையும் முயன்றேன். இயந்திர உதிரிப்பாகம் வரைய அருமையானது. ஒரு அளவை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் தானே மாறும். ஆனால் இலவச உரிமம் சொந்தப் பாவனைக்கு மட்டும். அதன்மூலம் வருடத்துக்கு 1,000 டொலருக்கு மேல் உழைத்தால் காசு கட்ட வேண்டும், திருத்தக்கூடிய நிலையில் ஒரே நேரத்தில் 10 கோப்புகள்தான் வைத்திருக்கலாம். கோப்புகள் இணையத்தில் போய்ச் சேர்கின்றன. மழைக்காலத்தில் இங்கே கரண்டும் இணையமும் சேர்ந்தே போகும் என்பதால் வேலை நடுவில் நின்றது. ஆனாலும் இணையச் சேமிப்பை நான் முழுதாகப் பழிக்கமாட்டேன். 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்த அரநாயக்கப் பிரதேசம் இது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் சாய்வில் இருக்கிற வீட்டை விட்டு இறங்க வேண்டும். மேசைக் கணினியைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. எந்த மென்பொருளானாலும் நாள் முடிவில் கோப்பின் ஒரு பிரதி வெளியே எங்காவது இருக்கட்டும். பிளெண்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்துக்கொள்ளும். ரைனோ 20 நிமிடம் எடுக்கும். அதை முதல் நாளே 5 ஆக்கிவிடுங்கள்.

மட்ரிக்ஸ்கோல்டை என் கணினியில் ஓட்ட வழியில்லை. தனி கிராபிக்ஸ் அட்டையும் கூடிய நினைவகமும் கேட்கும், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கண்டியில் நகை வரைபவர் ஒருவரின் கணினியில் உட்கார்ந்து பார்த்தேன். அமெரிக்காவின் ஜெம்விஷன் செய்தது. தங்களுடைய பழைய மட்ரிக்ஸையும், பார்சிலோனாவில் பிறந்த ரைனோகோல்டையும் இணைத்து 2019-ல் வெளியிட்டார்கள். அடியில் ஓடுவது ரைனோதான். மோதிரம் முழுதும் முடிந்தபின் வாடிக்கையாளர் விரல் அளவை மாற்றினால், ஒரு எண்ணைத் தட்டினால் வளையமும் கல் வரிசையும் கம்பிகளும் சேர்ந்து நகர்ந்து புதிய அளவுக்கு வருகின்றன. ரைனோவில் அரைநாள் எடுக்கிற திருத்தம் அது. பார்த்தால் ஆசை வரும். விலை ஆயிரக்கணக்கான டொலர் என்று கேட்டால் ஆசை அடங்கும்.

ஹொங்கொங்கின் ஜுவல்காட்டும் அதே இடத்தில் ஒரு பழைய கணினியில் இருந்தது. 1990-களில் ஆசிய நகைக் கடைகளுக்குள் நுழைந்த மென்பொருள், இன்றும் பல பட்டறைகளில் மூத்தவர்களின் கை அதில்தான் ஓடுகிறது. பழைய கணினியிலும் சிக்கலில்லாமல் இயங்கும். வேலைக்குப் போகும் கடையில் அது இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர் தேடிப்போக வேண்டியதில்லை.

எடைக் கணக்கு எந்த மென்பொருளிலும் வரும், ஆனால் அடியில் எந்த எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 22 கரட் தங்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ 17.7. ஒரு மோதிரத்தின் கன அளவு 0.40 கன சென்ரிமீற்றர் என்றால் எடை 7.08 கிறாம், ஒரு பவுணுக்குச் சற்றுக் குறைவு. அதே மோதிரம் வெள்ளியில் நான்கு கிறாமைச் சற்றுத் தாண்டும். கல்லிலும் இதே கதைதான். பட்டியல் வைரத்தை நினைத்து 3.52 என்று வைத்திருக்கும். நீலக்கல்லுக்கும் புஷ்பராகத்துக்கும் 4.00. மாற்ற மறந்தால் மூன்று கரட்டுக்கு மேற்பட்ட என் கல்லை மூன்றுக்கும் குறைவாகக் காட்டும். கரட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசுகிற இடத்தில் இது சிறிய பிழையல்ல.

காசு கொடுக்காமல் உடைத்த பிரதிகள் பென் டிரைவில் சுற்றுவது எல்லாருக்கும் தெரியும். நியாய அநியாயத்தை விடுங்கள். அந்தக் கணினியில்தான் வாடிக்கையாளரின் வடிவமும் கடையின் கணக்கும் இருக்கின்றன. முகம் தெரியாத ஒருவர் திறந்துவைத்த கதவு வழியாக வந்த மென்பொருளிடம் அவற்றை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. இலவசமாக பிளெண்டர் கிடைக்கும் காலத்தில் அதற்கு அவசியமும் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ரைனோவை வாங்கினேன், பிளெண்டரை வைத்துக்கொண்டேன். கல் வைக்கும் மோதிரமும் தோடும் ரைனோவில். இலை, மயில், சாமி உருவம் பிளெண்டரில். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு இந்தத் தொழிலைத் தொட்டுப்பார்க்க நினைக்கும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் பிளெண்டர் மட்டும் போதும். தமிழில் யூடியூப் பாடங்களும் தேடினால் கிடைக்கும். முறையாகப் படிக்க வேண்டும் என்றால் கடுவலையில் இரத்தினக்கல் மற்றும் ஆபரண ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மாதம் முழுதும் ஓய்வில்லாமல் ஓடர் வரும் கடைக்கு மட்டும் மட்ரிக்ஸ்கோல்ட்.

எதை வாங்குவதானாலும் அதற்கு முன் வார்ப்புக்காரரிடம் ஒரு நடை போய் வாருங்கள். கொழும்புச் செட்டியார் தெருப் பக்கம் வார்த்துக் கொடுப்பவர் எந்தக் கோப்பை ஏற்கிறார், அச்சிலும் வார்ப்பிலும் சேர்த்து எவ்வளவு சுருங்கும் என்று கூட்டிக்கொள்ளச் சொல்கிறார், கம்பியை எவ்வளவு தடிப்புக்குக் குறையாமல் வைக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள். என்னிடம் 0.8 மில்லிமீற்றருக்குக் கீழே போக வேண்டாம் என்றார், மினுக்கும்போது இன்னும் தேயும் என்பதையும் சேர்த்து. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘ஆவணம்’ என்று அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு மோதிரம் எங்கே என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்களாம்.