சராசரிக்குள் மறையும் வெற்றிடங்கள்

ஈஜிபுரா சிக்னலில் நகராமல் நிற்பவரிடம் பெங்களூரின் சராசரி வாகன வேகத்தைச் சொன்னால், கணக்கு சரியாகவே இருந்தாலும் அவர் பாடு அதில் தெரியாது. பக்கத்துக் கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. விண்ணை ஆராய்பவர்களுக்கும் சராசரி ஒரு தீராத சிக்கல். 1922இல் கணிதவியலாளர் ஃபிரீட்மன் போட்ட கணக்கில் பொருள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது, பேரண்டமும் எங்கும் ஒரே வேகத்தில் விரிகிறது. அண்டவியல் இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது.

இந்தச் சராசரிக் கணக்கின் பலம் பெரிது. பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை திசைக்குத் திசை லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் மாறுகிறது. இளம் பேரண்டத்துக்குச் சராசரி அச்சாகப் பொருந்தும்.

இன்றைய பேரண்டம் வேறு. விண்மீன் திரள்கள் மிக அரிதாக உள்ள, 1981இல் தெரியவந்த பூட்டிஸ் வெற்றிடத்தின் குறுக்களவு சுமார் 33 கோடி ஒளியாண்டு. புனேயின் ஐயூகா வானியல் மைய விஞ்ஞானிகள் 2017இல் அறிவித்த, விண்மீன் திரள்கள் அடர்ந்த சரஸ்வதி பெருங்கொத்து சுமார் 60 கோடி ஒளியாண்டு நீண்டு கிடக்கிறது. வெற்றிடத்தில் இழுத்துப் பிடிக்கப் பொருள் குறைவு, அதனால் அது வேகமாக விரிகிறது. அடர்ந்த கொத்தின் நடுவிலோ விரிவே நின்றுபோகிறது. ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின் இயல்புப்படி, முதலில் சராசரி எடுத்துப் பின் காலத்தை ஓட்டினால் வரும் விடையும், காலத்தை ஓட்டிய பின் சராசரி எடுத்தால் வரும் விடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இப்படிச் சீரின்றி விரியும் பொருளின் ஓட்டத்தை ஆராய அடித்தளம் போட்டவர் கல்கத்தாவின் இயற்பியலாளர் அமல் குமார் ராய்சௌதுரி. 1955இல் வெளிவந்த அவர் சமன்பாட்டைக் கொண்டு, 2000இல் தாமஸ் புக்கர்ட் ஒன்றைக் காட்டினார்: விரிவு வேகம் இடத்துக்கு இடம் வேறுபடுவதே சராசரி விரிவை முடுக்கிவிடும் உறுப்பாகக் கணக்கில் நுழைகிறது. அப்படியானால் 1998இல் சூப்பர்நோவாக்கள் காட்டிய விரிவு முடுக்கத்துக்கு, அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் இருள் ஆற்றல் எதற்கு என்று டேவிட் வில்ட்ஷைர் போன்றோர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது, அளவுதான் இடிக்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அசீம் பரஞ்சபேயும் டி. பி. சிங்கும் 2008இல், கோள வடிவில் சரிந்து திரளும் பொருளை மாதிரியாக வைத்து இதைச் சோதித்தார்கள். சராசரி எடுப்பதால் வரும் விளைவு மிகச் சிறியதாகவே இருந்தது. இந்த விவாதத்தில் என்னை அதிகம் நம்பவைத்தது இந்த முடிவுதான்.

ஆகவே சீரின்மையைக் காட்டி இருள் ஆற்றலைத் தள்ளிவிட இன்றைய சான்று போதாது. ஆனால் இன்றைய விரிவு வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி ஒரு முறையில் 67 என்றும் இன்னொரு முறையில் 73 என்றும் வந்து நிற்கும்போது, சிறிய விளைவையும் ஒதுக்கிவிடக் கூடாது. சராசரி எடுப்பதால் வரும் பிழை எவ்வளவு என்பதையும் ஒவ்வொரு அளவீட்டோடும் சேர்த்தே ஆய்வாளர்கள் வெளியிட வேண்டும்.