கங்காணியும் கமராவும்

ஒவ்வொரு காலத்து இலக்கியமும் தன் காலத்துக் கருவிகளைக் கொண்டே அதிகாரத்தைக் கற்பனை செய்கின்றது. 1949ஆம் ஆண்டிலே வெளிவந்த ஜோர்ஜ் ஓவலின் '1984' என்னும் நாவலில் அக்கருவி தொலைத்திரையாகும். அத்திரையின் மறுபுறத்தில் எக்கணத்திலும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கலாம், பாராமலும் இருக்கலாம். அந்த ஐயமே நாவலின் அச்சத்துக்கு அடித்தளம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் திட்டமிட்ட வட்டச் சிறைச்சாலையின் தத்துவமும் இதுவே: நடுவிலே கோபுரம், சுற்றிலும் அறைகள், கண்ணுக்குப் புலப்படாத காவலன். இரண்டிலும் அதிகாரத்துக்கு ஒரு மையம் உண்டு.

இன்றைய கண்காணிப்பை ஓவலின் துணைகொண்டு மட்டும் விளங்க முயலும் விமர்சகர்கள், இம்மையத்துக்கு நேர்ந்த மாற்றத்தைத் தவறவிடுகின்றனர். திரும்பவும், சாயவும், காட்சியைப் பெருப்பிக்கவும் வல்ல கமராக்கள் பல ஓரிடத்தைக் காக்கின்றன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று ஒருவரின் முகத்தை நெருங்கிப் பார்க்கும்போது, அது காத்துநின்ற பரப்பு கைவிடப்படுகின்றது. அப்பரப்பை அயலிலுள்ள கமரா ஏற்கவேண்டும். இதனைத் தீர்மானிப்பது யார்?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியுடன் 1997 முதல் 1999 வரை கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஆய்வு, பரந்த நிலப்பரப்பிற் பரவிய பல கமராக்களை ஒரேயொரு மனிதன் மேற்பார்வை செய்ய வழிதேடியது. பல்முகவர் முறைமையோ அந்த ஒருவனையும் விலக்கவல்லது. அதில் ஒவ்வொரு கமராவும் தானே முடிவெடுக்கும் முகவர். வேலையை அறிவித்து, கேள்விகளைப் பெற்று, தகுந்தவருக்கு ஒப்படைக்கும் 'ஒப்பந்த வலை' முறையை ரீட் ஸ்மித் 1980இல் வகுத்தார். எஸ்ற்றர்லே, லூயிஸ், யாவோ, ரின்னர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்விலே, ஒரு மனிதரைப் பின்தொடரும் பொறுப்பையே கமராக்கள் தம்முள் ஏலத்தில் விற்கின்றன. கூடிய கேள்வி கேட்ட கமரா வெல்லும். இரண்டாவது கேள்வியின் விலையைச் செலுத்தும். அயலவர் யார் என்பதையும், எறும்புகள் தடம் பதிப்பதுபோல, அவை அனுபவத்தால் அறிந்துகொள்கின்றன.

இம்முறையின் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஒரு கமரா பழுதுற்றால் ஏனையவை அதன் பணியை ஏற்கும். படங்கள் யாவும் ஓரிடத்திற் குவியவேண்டிய தேவையுங் குறையும். ஆனால் இலக்கிய மாணவன் சொற்களையும் நோக்கவேண்டும். முகவர், ஒப்பந்தம், ஏலம், பயன்மதிப்பு: இவை யாவும் சந்தையின் சொற்கள். இங்கே ஏலத்துக்கு வரும் பண்டம் ஒரு மனிதரின் நடமாட்டம். அம்மனிதருக்கு மட்டும் அச்சந்தையிலே குரல் இல்லை.

கணக்கிடுதல் பரவலாகிவிட்டமையால் அதிகாரமும் பரவலாகிவிட்டது என்று கருதுவது மயக்கமாகும். எந்தக் காட்சிக்கு எவ்வளவு பயன்மதிப்பு என்ற சூத்திரத்தைக் கமரா எழுதவில்லை. வேலைநிறுத்த ஊர்வலத்துக்கு உயர்ந்த மதிப்பா, முதலாளியின் வாயிலுக்கு உயர்ந்த மதிப்பா என்பதை, கமராவை உடையவனே விதிக்கின்றான். மையம் மறைந்துவிடவில்லை, உடைமைக்குள் ஒதுங்கிக்கொண்டது.

கண்காணிப்பு என்ற சொல்லோடு உடன்பிறந்தது மலையகத் தோட்டங்களிலே வழங்கிய கங்காணி என்ற சொல். கங்காணிக்குப் பின்னே துரை, துரைக்குப் பின்னே கம்பனி என்ற வரிசையைத் தொழிலாளி அறிந்திருந்தான். எதிர்க்க வேண்டிய முகம் அவனுக்குத் தெரிந்தது. இன்றைய கங்காணிகளோ பலர், தம்முள்ளே பேசி முடிவெடுப்பவர்கள், முகமற்ற முகவர்கள். தவறு நேர்ந்தால் பதில் சொல்பவர் எவர் என்பதை ஏலத்தின் கணக்கு காட்டாது.

ஆகவே, ஓவலின் தொலைத்திரையைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பது இன்றைய எழுத்தாளனுக்குப் போதாது. சூத்திரத்தை எழுதிய கை எது, அதற்குக் கூலி கொடுத்தவர் எவர் என்று கேட்கும் எழுத்தே இக்காலத்தின் யதார்த்தத்தைத் தீண்டும்.